பாயசத்தில் உப்பு விழுந்ததற்குக் கெர்னல் சொல்லும் காரணம்

தஞ்சோங் கிளிங்கில் கடல் காற்று வாங்கிக்கொண்டு வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய அத்தான் தங்கராஜு அவர்களின் சமூகத்திற்கு, மெர்லிமாவ் மோட்டார் பட்டறையிலிருந்து மைத்துனன் காந்தன், கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துவிட்டு, பணிவுடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் புனிதாவும் மகள் தாரணியும் சௌக்கியம். அங்கே தங்கள் சௌக்கியத்தையும், என் உடன்பிறந்த சுசீலா அக்காவுடைய கோபத்தின் சௌக்கியத்தையும் அறிய ஆவல். கோபம் நன்றாகத்தான் இருக்கும், அது சின்ன வயதிலிருந்தே நல்ல ஆரோக்கியம். காகிதம் எடுத்துக் கடிதம் எழுதும் பழக்கம் எனக்கு என்றுமே கிடையாது என்பது தாங்கள் அறிந்ததே. ஆனால் என்ன செய்வது? வாட்ஸ்அப்பில் தாங்கள் என்னை ப்ளாக் செய்துவிட்டீர்கள். போன் போட்டால் எடுப்பதில்லை. நேரில் வந்தால் அக்கா கேட்டைத் திறப்பதில்லை, நாய்க்கு மட்டும் என்னைப் பார்த்ததில் சந்தோஷம். இந்த மெலாக்கா மாநிலத்தில் இன்னும் யாரும் ப்ளாக் செய்யாத ஆள் தபால்காரர் ஒருவர்தான் என்பதால் அவர் வழியாக வருகிறேன்.

விஷயம் இதுதான். தங்கள் மகள் அனுசியாவின் கல்யாணத்துக்கு வெளியே கேட்டரிங் பேசியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அத்தான், அந்தப் பிள்ளைக்குக் காது குத்தியபோது சமைத்தது யார்? வயதுக்கு வந்தபோது புட்டு அவித்தது யார்? யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்ததற்கு ஒரு கம்போங் கிராமத்துக்கே பிரியாணி போட்டது யார்? அதெல்லாம் செய்த தாய்மாமன், கல்யாணத்தன்று மட்டும் தட்டை ஏந்திக்கொண்டு, யாரோ தொப்பி போட்ட பையன் கரண்டியை நீட்டும் வரை வரிசையில் நிற்க வேண்டுமா? நிற்கலாம், எனக்கு ரோஷம் குறைவு. ஆனால் அந்தப் பிள்ளையே எனக்குப் போன் செய்து, "மாமா, நீங்க சமைக்கலைன்னா எனக்குக் கல்யாணம் மாதிரியே இருக்காது லா"ன்னு சொல்லி அழுதது. அதனால்தான் இந்தக் கடிதம். நிச்சயதார்த்தத்தன்று பாயசத்தில் உப்பு விழுந்தது என் கவனக்குறைவால் அல்ல. அது உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் நேரும் ஒரு விபத்து. அதைத் தங்களுக்கு விளங்கவைத்து, தாங்கள் அக்காவுக்கு விளங்கவைத்து, சமையல் கட்டை எனக்கு மீட்டுத்தர வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

முதலில் மைலோ டின் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்பு எங்கள் கோயில் சமையலில் எல்லா அடுப்புக்கும் சேர்த்து நடுவில் ஒரே ஒரு உப்புச் சட்டி இருக்கும். உப்பு வேண்டியவர் அங்கே வர வேண்டும், ஒருவர் அள்ளி முடிக்கும் வரை இன்னொருவர் நிற்க வேண்டும், நிற்கிற நேரத்தில் அவர் அடுப்பில் கத்தரிக்காய் கருகும், கருகிய கோபத்தில் அவர் முன்னால் நிற்பவரின் பரம்பரையை விசாரிப்பார். அதைவிட மோசம், எந்த அண்டாவில் உப்பு போட்டாச்சு, எதில் போடவில்லை என்பது யாருக்கும் தெரியாது. "போட்டாச்சா?" என்று கேட்டால், போடாதவன்தான் முதலில் "போட்டாச்சு" என்பான். இதற்கு நான் ஒரு முறை கண்டுபிடித்தேன். அடுப்புக்கு ஒன்றாக, குடித்துத் தீர்ந்த மைலோ டின். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே அந்த அண்டாவுக்கு எவ்வளவு வேண்டுமோ அதை அளந்து அந்த அடுப்பின் டின்னில் போட்டு வைத்துவிட வேண்டும். சாம்பார் அடுப்பின் டின்னில் உப்பு, பாயச அடுப்பின் டின்னில் சீனி. டின் நிறைந்திருந்தால் இன்னும் போடவில்லை, காலியாக இருந்தால் போட்டாயிற்று. யாரும் யாரையும் கேட்க வேண்டாம், யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டாம். இதனால் சமையல் கட்டில் சண்டை ஒழிந்தது. சண்டை ஒழிந்ததும் பேச்சும் ஒழிந்து, கொஞ்ச நாள் எல்லோரும் போரடித்துப் போயிருந்தோம் என்பது வேறு கதை.

இனி நிச்சயதார்த்த நாள். தங்கள் வீட்டுப் பின்புறம் நான் சாம்பார் அடுப்பில் நிற்கிறேன். பருப்பு குழைந்துவிட்டது. சாம்பார் டின்னைக் கையில் எடுத்துவிட்டேன், கவிழ்க்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது வாசலிலிருந்து தாங்கள், "டேய் காந்தா! கூடாரம் சாயுதுடா, ஓடியா!" என்று கூப்பிட்டீர்கள். நான் அத்தான் சொல் தட்டாதவன். டின்னைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் அதோடு ஓடிவந்து, ஒரு கையில் கூடாரக் காலையும் மறு கையில் டின்னையும் பிடித்துக்கொண்டு நின்றேன். போட்டோக்காரர் அதைப் படமும் எடுத்திருக்கிறார். கூடாரம் நின்றபின் திரும்பிப் போனால், சாம்பார் பொங்குகிறது என்று என் இடத்தில் கோயில் சமையல் கூட்டாளி மணியம் வந்து நின்றுகொண்டிருந்தான். அவன் செய்தது சரிதான், எங்கள் வழக்கமே அதுதான், எந்த அடுப்பு அநாதையாக நிற்கிறதோ அங்கே கை காலியானவன் போய் நிற்க வேண்டும். "நீ போ லா, பாயசம் ஆளில்லாம நிக்குது. இத நான் பாத்துக்கறேன்" என்றான். போனேன். இப்போது நிலைமையைப் பாருங்கள் அத்தான். நான் நிற்பது பாயச அடுப்பில், கையில் இருப்பது சாம்பார் அடுப்பின் டின். ஆனால் என் மண்டைக்குள் ஓடியது என்ன? 'நான் என் அடுப்பில் நிற்கிறேன். என் டின் என் கையில் இருக்கிறது. நிறைந்திருக்கிறது. ஆகவே இன்னும் போடவில்லை. போடு.' போட்டேன். முழுவதும் போட்டேன், டின்னின் அடியைத் தட்டி வேறு போட்டேன். பக்கத்திலேயே ஒரு டின் சீனியோடு நின்றது, யாரோ மறந்துவிட்டுப் போனது என்று அதைக் காலால் தள்ளிவைத்தேன். அங்கே மணியம் சாம்பார் பக்கத்தில் டின்னைத் தேடியிருக்கிறான், காணவில்லை. காலியான டின்னை யாரோ கழுவ எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, மூடி போட்டு இறக்கிவிட்டான். பாயசத்தில் உப்பு, சாம்பாரில் ஒன்றுமில்லை. இரண்டு பேருமே முறைப்படிதான் நடந்தோம். முறைப்படி நடந்து இவ்வளவு நாசம் செய்தவர்கள் மெர்லிமாவில் வேறு யாருமில்லை.

இனிப்பில் தொடங்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அப்பா கணேஸ்வரனுக்கு முதல் டம்ளரைக் கொடுத்தோம். உம்பாய் ஊர்க்காரர், கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒரு வாய் குடித்தார். டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு நிதானமாக, "உங்க வீடு கடலுக்குக் கிட்டன்னு சொன்னாங்க. இவ்ளோ கிட்டன்னு சொல்லலையே" என்றார். பெரிய மனுஷர், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் மனைவிதான் பக்கத்திலிருந்த அம்மாவிடம், "இனிப்பே உப்பாயிருச்சே, சகுனம் பாக்கணுமோ" என்று காதோடு காதாகச் சொன்னார். மற்ற காதெல்லாம் சும்மா இருக்க, அது போய்ச் சேர்ந்தது அக்காவின் காதில். அன்றோடு அக்கா என்னிடம் பேசுவதில்லை, வாய்ப்பூட்டு.

அந்த வார இறுதியில் தாரணி சைபர்ஜெயாவிலிருந்து வந்தாள். அவள் ஏதோ கருவி செய்யும் கம்பெனியில் கெர்னல் எழுதுகிறாள் என்று தங்களிடம் பலமுறை பெருமையடித்திருக்கிறேன். கெர்னல் என்றால் செம்பனைக் கொட்டைக்குள் இருக்கும் பருப்புதான் என்று எஸ்டேட்டில் பிறந்த நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன், பெண் பாமாயில் ஆலையில் வேலை செய்வதாகவே நாலு பேரிடம் சொல்லியுமிருக்கிறேன். கம்ப்யூட்டருக்குள் யார் எங்கே எப்போது வேலை செய்ய வேண்டும் என்று விரட்டும் மேஸ்திரிக்குத்தான் அந்தப் பெயராம். பெண்ணின் முகமும் வாடியிருந்தது. அவள் எழுதியதில் ஏதோ எண்ணிக்கை எப்போதாவது தப்புகிறதாம், அவள் மேசையில் தப்புவதில்லை, வாங்கியவர்களிடம் போனால்தான் தப்புகிறதாம். ஆறுதலுக்கு என் பாயசக் கதையைச் சொன்னேன். வாய்க்குக் கொண்டுபோன தோசை அப்படியே நின்றது.

"அப்பா! இது என்னோட பக்! என் ப்ரோக்ராம்ல இருக்கற அதே தப்பு!"

"எது, பாயசமா?"

"ஆமாப்பா! கம்ப்யூட்டர்ல ஒரு ப்ராசசர் இல்ல, நெறைய இருக்கு. உங்க அடுப்பு மாதிரி. எல்லாத்துக்கும் பொதுவா ஒரு பெட்டி வச்சா அடிதடி. அதனால ஒவ்வொரு ப்ராசசருக்கும் தனிப் பெட்டி. அதான் பெர்-சிபியு வேரியபிள்."

"மைலோ டின்."

"மைலோ டின். இப்ப ஒரு ப்ரோக்ராம், 'நான் எந்த ப்ராசசர்ல நிக்கறேன்'னு கேக்குது. 'ரெண்டாவது'ன்னு பதில் வருது. ரெண்டாவதோட பெட்டிய கையில எடுத்துக்குது. அந்த நேரம் பாத்து கெர்னல், வேற அவசர வேல இருக்குன்னு அத எடத்த விட்டு எழுப்பி ஓரமா உக்கார வச்சிரும். இதுக்குப் பேரு ப்ரீயெம்ப்ஷன். மறுபடி கூப்பிடறப்ப மூணாவது காலியா இருந்தா அங்க நிக்க வச்சிரும். கையில இருக்கறது மட்டும் ரெண்டாவதோட பெட்டி. எடம் மாறுனதே அதுக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியலயேம்மா!" என்றேன். என் நெஞ்சு குளிர்ந்துவிட்டது அத்தான். இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் மெஷினுக்கே தெரியாதபோது, உங்கள் மைத்துனனுக்கு எப்படித் தெரியும்?

"அதுக்கு மருந்து இருக்கு" என்றாள். "எந்த அடுப்புன்னு கேக்கறதுக்கு முன்னாடியே, 'என்னை எழுப்பாதே'ன்னு சொல்லிரணும். கேட்டு, எடுத்து, போட்டு முடிச்சப்புறம், 'இப்ப எழுப்பிக்கோ'ன்னு விட்டுரணும். டின்ன எடுத்ததுக்கு அப்புறம் சொன்னா பிரயோசனமில்ல, அதுக்குள்ள எடம் மாறியிருக்கும்."

இதை அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானத்தில் சோதித்துப் பார்த்தோம். டின்னைத் தொடும் முன் தலையில் சிவப்புத் துண்டு கட்ட வேண்டும். துண்டு கட்டியவனை யாரும் கூப்பிடக் கூடாது, எழுப்பக் கூடாது, கோயில் தலைவரே வந்தாலும் காத்திருக்க வேண்டும். டின் காலியானதும் துண்டை அவிழ்த்துவிட வேண்டும். முதல் அண்டா அமோகம். இரண்டாவதில் மணியம் துண்டைக் கட்டினான், டின்னை எடுத்தான், குழம்பு இன்னும் கொதிக்கட்டுமே என்று அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தான், டின்னோடு தூங்கிவிட்டான். துண்டு தலையில் இருக்கிறது, சட்டப்படி அவனை எழுப்பக் கூடாது. நாங்கள் அத்தனை பேரும் சுற்றி நின்று, ஏதோ சாமி வந்தவனைப் பார்ப்பது போல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் பக்கத்து அடுப்பில் சோறு கஞ்சியாயிற்று. தாரணிக்குப் போன் போட்டேன்.

"ஐயோ அப்பா! எழுப்பாதேன்னு சொல்லிட்டுத் தூங்கவே கூடாது! மொத்த அடுப்பும் மாட்டிக்கும். எங்க கெர்னல்னா அதுக்குப் பெருசா கத்தும்."

"எங்க கெர்னல் கத்தலம்மா, குறட்டதான் விடுது."

சரி, துண்டு கட்டினால் உட்காரக் கூடாது, போன் எடுக்கக் கூடாது என்று சட்டத்தைத் திருத்தினோம். அடுத்த வாரம் நானே துண்டு கட்டி சாம்பாரில் நிற்கிறேன். அன்று அக்கா மாரியம்மனுக்கு மாலை கொண்டுவந்தது தங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் நடந்தது தெரியாது. பூஜை முடிந்து நேரே சமையல் கட்டுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. கரண்டியை எடுத்தார், ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினார், மூலையிலிருந்த உப்பு மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி என் அண்டாவில் போட்டார். நான் பாதி டின்னைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறேன். "அக்கா, துண்டு கட்டியிருக்கேன்க்கா!" என்று கெஞ்சினேன். என்னிடம்தான் பேசமாட்டாரே, அதனால் பக்கத்துத் தூணைப் பார்த்து, "துண்டாம் துண்டு, பருப்புல உப்பே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேச்சு நின்றாலும் கை நிற்கவில்லை பாருங்கள், அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்தான். ஆனால் அன்று சாம்பார் சாப்பிட்டவர்கள் கோயில் குழாயடியிலேயே குடியிருந்தார்கள்.

"அத்தைய துண்டு தடுக்காதுப்பா" என்றாள் தாரணி போனில். "துண்டு மத்த சமையல்காரங்களுக்குத்தான். அத்தை வந்து இன்டரப்ட். நீங்க எந்த வேலையில இருந்தாலும் நடுவுல வந்து, அதே அடுப்புல கை வச்சிட்டுப் போவும். அதத் தனியா நிறுத்தணும்."

"நிறுத்த முடியுமா?"

"பாதிக்கு மேல நிறுத்தலாம். ஒரு ரகம் மட்டும் இருக்கு, அத யாராலயும் நிறுத்த முடியாது."

அக்கா எந்த ரகம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தப் பத்தியை அக்காவுக்குப் படித்துக் காட்டும்போது தங்களுக்கு இருமல் வந்துவிடட்டும்.

கடைசியில் தாரணியே வழி சொன்னாள். எந்த அடுப்பு என்று கேட்பது ஒரு வேலை, டின்னை எடுப்பது ஒரு வேலை, கவிழ்ப்பது ஒரு வேலை என்று பிரித்து வைப்பதால்தான் நடுவில் ஆள் புக இடமிருக்கிறது. 'நிற்கிற அடுப்பின் டின்னைக் கவிழ்' என்று எல்லாம் ஒரே அசைவாகிவிட்டால்? நடுவே எழுப்ப இடுக்கே இல்லை. இடம் மாறினால்கூட, மாறிய இடத்து டின்தான் கைக்கு வரும். கம்ப்யூட்டரில் அதற்கென்றே ஒற்றைக் கட்டளை இருக்கிறதாம். நான் பட்டறைக்காரன், பழைய கிளட்ச் கேபிளுக்கா பஞ்சம்? ஒவ்வொரு டின்னையும் அதனதன் அடுப்போடு கட்டிவிட்டேன். தன் அண்டாவில் கவிழும், வேறெங்கும் நகராது. இனித் தாங்கள் கூடாரம் அல்ல, ஆகாயமே சாய்கிறது என்று கூப்பிட்டாலும் நான் வருவேன், டின் வராது. அக்காவும் முன்னால் வரலாம், பின்னால் வரலாம், நடுவில் மட்டும் வர முடியாது. வந்தாலும் டின் காலியென்றால் போட்டாயிற்று என்று கண்ணுக்கே தெரியும். உப்பு மூட்டையை நான் பட்டறையில் வைத்துப் பூட்டிவிடுகிறேன். இந்த முறையில் இரண்டு அன்னதானம் நடந்துவிட்டது, ஒரு குறை இல்லை. தாரணியின் கணக்கும் இப்போது தப்புவதில்லை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அவளுடைய சீன மேனேஜர் கேட்டதற்கு, "எங்க மாமா வீட்டு நிச்சயதார்த்தத்துல" என்றாளாம். அவருக்கு இன்னும் புரியவில்லையாம்.

ஆகவே அத்தான், தாங்கள் நியாயம் அறிந்தவர். அக்கா காலைத் தேநீர் குடித்து முடித்த நல்ல நேரம் பார்த்து, 'காந்தன் மேல தப்பில்ல, பாதியில எழுப்புனதுதான் தப்பு' என்று ஒரு வார்த்தை போட்டு, கேட்டரிங்கை ரத்து செய்ய வேண்டுகிறேன். பிள்ளை அனுசியாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். தங்களுக்கு என் நமஸ்காரம். அக்காவுக்கும் அதே, கேட்டுக்கு வெளியிலிருந்து. தங்கள் ஒரு சொல்லுக்குக் காத்திருக்கும்,

மைத்துனன் காந்தன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் ஒரு விபரீதம். தங்களுக்கு எழுதினால் மட்டும் போதாது, உம்பாய் சம்பந்தியின் மனதிலும் ஒரு வார்த்தை போட்டு வைப்போம் என்று வாட்ஸ்அப்பில் அவர் பெயரைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து புனிதா, "இங்க குடுங்க" என்று போனைப் பிடுங்கி, குடும்பக் குழுவில் யாரோ போட்ட புடவையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நான் இன்னும் சம்பந்தியிடம்தான் நிற்கிறேன் என்ற நினைப்பில் மைக்கை அழுத்திப் பேசிவிட்டேன். பேசியது இது: "சம்பந்தி, எனக்கு மட்டும் பழி போடாதீங்க. அந்தப் பாயசத்த மொதல்ல குடிச்சது நீங்க இல்ல, எங்க அத்தான். இனிப்பு நீர் வியாதி உள்ள மனுசன், அக்காவுக்குத் தெரியாம பின்பக்கம் வந்து ஒரு டம்ளர் முழுசா ஊத்திக்கிட்டாரு. முகம் கோணிருச்சு. உப்புன்னு சொன்னா குடிச்சது வெளிய தெரிஞ்சிரும்ல? 'பிரமாதம், எடுத்துட்டுப் போய்க் குடு'ன்னுட்டுப் போயிட்டாரு." தாங்கள் என்னை ப்ளாக் செய்ததன் காரணம் எனக்குத் தெரியும் அத்தான், நானும் இத்தனை நாள் அந்த ரகசியத்தைக் காப்பாற்றித்தான் வந்தேன். ஆனால் குடும்பக் குழுவில் ப்ளாக் வேலை செய்யாது. பேச்சு குழுவில் போய் விழுந்ததைப் பார்த்து அழிக்கப் போவதற்குள் அக்கா கேட்டுவிட்டார், பதிலும் போட்டுவிட்டார். நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு தூணிடம் அல்லாமல் என்னிடமே சொன்ன முதல் வார்த்தை: "கல்யாணத்துக்கு நீயே சமை. உங்க அத்தானுக்கு மட்டும் ஒரு டம்ளர் பாயசம் தனியா, அன்னைக்குப் போட்ட மாதிரியே."

எனவே மேலே கேட்ட சிபாரிசு தேவைப்படாது. டம்ளர் பெரியதா சிறியதா என்று மட்டும் மறு தபாலில் தெரிவிக்கவும்.